இரவுப் பணி முடிந்து ஒரு மீன் சொதி

பத்திரிகைக்காரனின் இராச்சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது அச்சு இயந்திரம். கடைசிப் பக்கம் அச்சுக்கூடத்துக்குப் போகும் வரை பசி என்ற ஒன்று இருப்பதே நினைவில் இராது. பக்கம் போன மறுகணம் அது வயிற்றைப் பிடித்து உலுக்கும். அப்போது கடிகாரம் இரவு ஒன்பதரையையோ பத்தரையையோ காட்டிக்கொண்டிருக்கும். கொழும்பில் அந்நேரத்தில் வெளிச்சத்தோடு திறந்திருப்பவை பெரும்பாலும் இரண்டு வகைக் கடைகள். ஒன்று மருந்துக்கடை, மற்றையது கொத்து றொட்டிக் கடை. முதலாவது கடைக்கு நம்மில் பலர் அடிக்கடி போக நேர்வதன் காரணத்தை இரண்டாவது கடையில் தேடலாம்.

கொத்து றொட்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. சூடான தட்டின் மீது இரண்டு இரும்புத் தகடுகள் மோதும் அந்தத் தாளம் கேட்காவிட்டால் கொழும்பின் இரவு நிறைவு பெறாது. ஆனால் கோதுமை மா, எண்ணெய், உப்பு, மேலே ஊற்றிய இறைச்சிக் குழம்பு என்று ஒரு குவியலை உண்டு, அரைமணி நேரத்துக்குள் படுக்கைக்குப் போவது வாரத்தில் ஐந்து நாள் என்று வருடக்கணக்கில் தொடர்ந்தால், உடம்பு அதற்கென ஒரு கணக்கேடு திறந்துவிடுகிறது.

எங்கள் இரவுப் பணிக்குழுவில் ஒரு காலத்தில் ஐவர் இருந்தோம். செய்தி ஆசிரியர், உதவி ஆசிரியர்கள் இருவர், ஒப்புநோக்காளர், பக்க வடிவமைப்பாளர். ஐவரில் மூவருக்கு இன்று நீரிழிவு. அந்த மூவரில் நானும் ஒருவன். பக்க வடிவமைப்பாளர் ஒரு போயா விடுமுறை நாளின் அதிகாலையில் மாரடைப்பால் காலமானார். அவருடைய மரண அறிவித்தலை ஒப்புநோக்கும் பணி அன்று என்னிடம் வந்தது. வயது 49 என்று இருந்தது. எழுத்துப் பிழையாக இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் மனம் கேட்டது. எண் சரியாகத்தான் இருந்தது.

சென்ற வருடம் என்னுடைய குருதிப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிப் பார்த்த வைத்தியர், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னர், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பத்திரிகைத் தொழில் என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மீன் சாப்பிடலாமா என்பது என்னுடைய அடுத்த கேள்வி. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மீனை விடாதேங்கோ. மீனைச் சாட்டிச் சாப்பிடுற சோத்தைக் குறையுங்கோ."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நமது மீன் சமையல் முழுவதையும் மறுபரிசீலனை செய்யலாம் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்து மீன் கறியை எண்ணிப் பாருங்கள். வறுத்து இடித்த கறித்தூள், கரைத்த பழப்புளி, முதற்பால், மேலே பெருஞ்சீரகம் என்று எல்லாம் சேர்ந்து வற்றித் தடித்து, செக்கச் சிவந்து நிற்கும் அந்தக் கறி, கொஞ்ச மீனைக் கொண்டு நிறையச் சோற்றை உள்ளே அனுப்புவதற்காக உருவான ஏற்பாடு. எட்டுப் பேர் கொண்ட வீட்டுக்கு ஆறு துண்டு மீன் வரும். உறைப்பும் புளிப்பும் உப்பும் கூடியிருந்தால்தான் குழம்பை வைத்தே எல்லோரும் வயிறு நிறைய உண்ண முடியும். வெயிலில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவருக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. குளிரூட்டிய அறையில் கணினியின் முன்னால் எட்டு மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு வருபவருக்கு அது தேவையில்லை. ஆனால் கறி அதை அறியாது. கறி தன் வேலையைச் செய்யும். இன்னும் ஓர் அகப்பை சோறு கேட்கும்.

சொதி அப்படிக் கேட்பதில்லை. உறைப்பு மிதமானது, புளிப்பு தேசிக்காயினுடையது, எண்ணெய் ஒரு துளியும் இல்லை. கோப்பையில் ஊற்றி அப்படியே குடிக்கலாம். நான்கு இடியப்பத்தோடு உணவு முடிந்துவிடும். அது மட்டுமன்று, சட்டி அடுப்பில் ஏறியதிலிருந்து இறங்குவது வரை இருபது நிமிடம் போதும். களைத்து வீடு திரும்பும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் உணவு நம் சமையலில் இல்லை என்றே சொல்வேன்.

இருபது நிமிடம் என்பது அடுப்பின் கணக்கு. மீன் வாங்குவது, செதில் கழிப்பது, குடல் எடுத்துக் கழுவுவது, தேங்காய் துருவிப் பால் பிழிவது, வெங்காயம் உரிப்பது எல்லாவற்றுக்கும் குறைந்தது இன்னுமொரு மணி நேரம் வேண்டும். நம் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் எந்தக் கடிகாரத்திலும் பதிவாவதில்லை. அதைச் செய்து முடிப்பவர்கள் பெண்கள் என்பதே காரணம். "சொதிதானே, ஒரு நொடியில் வைத்துவிடலாம்" என்று விருந்தினர் முன்னிலையில் சொல்லும் ஆண்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நொடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதுதான் விரைவுச் சமையலின் உண்மையான கேள்வி.

என் மனைவி பாடசாலை ஆசிரியை. சம்பளமற்ற விடுமுறை பெற்று, மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக ரொறொன்ரோவுக்குச் சென்று ஐந்து மாதங்கள் தங்கினார். அந்த ஐந்து மாதங்களும் வெள்ளவத்தை வீட்டில் நான் தனியன். குசினியில் நிற்பது எனக்குப் புதிதன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, திருநெல்வேலியில் ஓர் அறையை நண்பன் ஒருவனோடு பகிர்ந்திருந்தேன். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் மருந்தைப் போலச் சிக்கனமாகப் பாவிக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்த தலைமுறை அது. கடலிலும் தடை இருந்ததால் ஆழ்கடல் மீன் அரிது. பரவைக்கடலில் அகப்பட்ட சிறுமீன்களே கூறு கூறாகச் சந்தைக்கு வந்தன. விறகுக்கும் பணம் வேண்டும். ஆகவே எங்களுக்கு விரைவுச் சமையல் என்பது விறகுக் கணக்கு.

நண்பன் குருநகரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவன். மூன்று கற்களை வைத்து, தென்னம்பாளையைக் கொளுத்தி, ஒரு மண்சட்டியில் அவன் சொதி வைப்பான். மீனைப் போட்ட பின் சட்டிக்குள் அகப்பை போகக் கூடாது என்பது அவனுடைய சட்டம். சட்டியின் விளிம்பை இரு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாக ஒரு சுழற்றுச் சுழற்றுவான், அவ்வளவுதான். "மச்சான், மீனுக்குச் சூடு காணும், நெருப்பு வேண்டாம். கனநேரம் கொதிக்கவிட்டா மீன் சக்கையாப் போயிடும்" என்பான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நாங்கள் வெவ்வேறு திசையில் போனோம். இன்று அவன் பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறான். தொலைபேசியில் பேசும்போது, "இங்க இருக்கிற பெரிய சமையல்காரனும் மீனைக் கொதிக்கவிடாதே எண்டுதான் கத்துறான், அதை எங்கட அம்மா காசு வாங்காமல் சொல்லித்தந்தவ" என்று சிரித்தான்.

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. ஆட்டிறைச்சியில் இருப்பது போன்ற கடினமான இணைப்பு இழைகள் மீன் தசையில் மிகக் குறைவு. இறைச்சி மெத்தென்று வர ஒரு மணி நேரம் வேண்டும். மீன் துண்டுக்கு ஐந்தாறு நிமிடங்களே போதும். அதற்கு மேல் அடுப்பில் நின்றால் நீர் வெளியேறித் தசை இறுகிவிடும். உணவு வகைகளுள் விரைவுச் சமையலுக்கு இயற்கையாகவே பொருந்தியது மீன்தான்.

இனி அந்த மறைந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். நான் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருக்கிறேன். இரவுப் பணிக்காரனுக்கும் ஞாயிறு காலை சொந்தமானது. வெள்ளவத்தைச் சந்தைக்கு ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கண் தெளிந்து வெளியே தள்ளியிருக்கிறதா, பூ சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்திய இடம் மீண்டும் எழுகிறதா, கடல் மணம் தவிர வேறு நாற்றம் இல்லையா என்று நான்கையும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பது. பருவமும் தெரிந்திருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் அமைதியாக இருக்கும் கிழக்குக் கரையிலிருந்து, திருகோணமலை, மட்டக்களப்பு மீன் லொறிகளில் வந்து சேரும். மார்கழி வாடையில் நிலைமை தலைகீழ். கையில் பட்டியலை வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போகக் கூடாது. அன்று கடல் எதைத் தந்ததோ அதை வாங்க வேண்டும். சொதிக்கு விளைமீன், ஒரா, பாரை, சீலா எல்லாம் பொருந்தும். முரல் கிடைத்தால் அன்று திருநாள்.

பெரிய மீனைக் கடைக்காரரே வெட்டித் தருவார். சிறு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கழிக்கிறேன். கழுவிய மீனில் மஞ்சளும் சிறிது உப்பும் தடவி, ஒருவருக்கு 150 கிராம் என்ற கணக்கில் சிறு பெட்டிகளில் இட்டு உறைநிலைத் தட்டில் வைத்துவிடுவேன். நான்கு இரவுகளுக்குப் போதும். வெங்காயம், உள்ளி உரித்து வைப்பதும் அன்றே. வேலைக்குப் புறப்படும்போது ஒரு பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் இரவு திரும்பும்போது அது பதமாக இளகியிருக்கும்.

இங்கே ஒரு செய்தியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் உறைந்த மீனை எடுத்து மேசையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ வைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூரை, கும்பளா, சூடை, சாளை போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் பக்டீரியாக்கள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அதை உண்டால் முகம் சிவத்தல், தலையிடி, உடம்பில் தடிப்பு, அரிப்பு முதலியன வரும். பலர் இதை 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி மீனையே விட்டுவிடுகிறார்கள். பலவேளைகளில் குற்றவாளி மீனன்று, அது வெப்பத்தில் கிடந்த நேரம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது என்பதே இதில் முக்கியம். தென்னிலங்கைச் சிங்கள மக்கள் சூரை மீனைக் கொறுக்காய்ப் புளியில் பிரட்டி அம்புல்தியல் செய்து நாட்கணக்கில் வைத்து உண்டதற்குப் பின்னால், புளியைக் கொண்டு பக்டீரியாவை அடக்கும் அனுபவ அறிவு இருந்திருக்கிறது.

இரவு வீட்டுக்கு வந்து உடை மாற்றுவதற்கு முன்பே சட்டியை அடுப்பில் வைத்துவிடுகிறேன். இருவருக்கான அளவு இது. எட்டுச் சின்ன வெங்காயம் இரண்டாக வெட்டியது, கீறிய பச்சைமிளகாய் மூன்று, உள்ளி நான்கு பல்லு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. இவற்றை இரண்டு கோப்பை தண்ணீர் கலந்த இரண்டாம் பாலில் போட்டு மூடி வேகவிட வேண்டும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆவதற்கு எட்டு நிமிடம் பிடிக்கும். குளித்துவிட்டு வர அந்த நேரம் போதும். பின்பு மீனை ஒவ்வொன்றாக இறக்கி, நெருப்பைக் குறைத்து, ஆறு நிமிடம் விட வேண்டும். அகப்பை வேண்டாம், நண்பனின் சட்டப்படி சட்டியைச் சுழற்றினால் போதும். அதன்பின் கால் கோப்பை முதற்பால். அது கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். உப்பு இப்போதுதான். சூடு சற்றுத் தணிந்த பின் அரைத் தேசிக்காயைப் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரையும், சொதி கைக்கும்.

தேங்காய்ப்பால் பற்றி வைத்தியரிடமும் கேட்டேன். அதில் உள்ளது பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு, அளவோடு போதும் என்றார். ஆகவேதான் கால் கோப்பை முதற்பால். மற்றதெல்லாம் இரண்டாம் பாலும் தண்ணீரும். சொதி நீர்த்தன்மையானது என்பதால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அதன் இயல்பே அதுதான். உப்பிலும் அதே சிக்கனம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. தேசிப்புளி இருக்கும் இடத்தில் உப்பின் குறை தெரியாது. ரொறொன்ரோவிலிருந்து ஒவ்வோர் இரவும் என் மனைவியின் விசாரணை இப்படித்தான் தொடங்கும்: "இஞ்சேருங்கோ, உப்பைக் கூட்டிப் போடேல்லைத்தானே?"

கூடச் சாப்பிடுவதற்கு அரிசிமா இடியப்பம் நான்கு. வெள்ளவத்தையில் மாலை வேளையில் இடியப்பம் அவித்து விற்கும் குடும்பங்கள் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலேயே சொல்லிவைத்தால் வீட்டில் தந்துவிட்டுப் போவார்கள். சில நாள் குரக்கன் பிட்டு. தட்டின் பாதியை மரக்கறி நிரப்ப வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கையிலை வறை. சொதி கொதிக்கும் நேரத்துக்குள் இவற்றில் ஒன்றை முடித்துவிடலாம்.

நெய்ப்பிடிப்பான சிறுமீன் கிடைக்கும் வாரத்தில் முறை வேறு. சூடையையோ சாளையையோ மிளகுதூள், மஞ்சள், உப்பு, தேசிப்புளி தடவிக் கால் மணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுட்டெடுத்தால் போதும். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நாம் அறக்குளா வாங்குகிறோம். சூடை வாங்கியதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் இருதயத்துக்கு நல்லது என்று பேசப்படும் ஒமேகா-3 கொழுப்பமிலம் சூடை, சாளை, கும்பளா வகைகளில்தான் நிறைந்திருக்கிறது. சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்கள் சிறியவற்றைத் தின்று நீண்ட காலம் வாழ்வதால் அவற்றின் உடலில் பாதரசம் சேர்கிறது; சிறுமீன்களில் அது மிகக் குறைவு. விலையும் குறைவு. மலிவானதும் ஆரோக்கியமானதும் ஒன்றாகவே அமைந்திருக்கும் அபூர்வ இடம் மீன் சந்தையில் இந்த மூலைதான். அமெரிக்க இருதயச் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆலோசனையில் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை கடலுணவு, அதுவும் பொரிக்காதது, என்று கூறியது. பொரிக்காதது என்ற சொல்லை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மீன் பொரியலை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

இலங்கையர் உண்ணும் விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது கடலிலிருந்தும் குளத்திலிருந்துமே வருகிறது. ஆனாலும் மீன் மீதான நம் நம்பிக்கை அடிக்கடி ஆட்டங்கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வாரக்கணக்கில் மக்கள் மீனைத் தொடவில்லை. கடல் கொண்டுபோன உறவுகளை எண்ணி உண்ண மனம் வராதவர்களை எவரும் குறை சொல்ல முடியாது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொவிட் பரவியபோது நாடெங்கும் மீன் விற்பனை படுத்தது. அந்த நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலீப் வெதஆரச்சி செய்தியாளர் மாநாட்டுக்கு ஒரு முழு மீனைக் கொண்டுவந்து, அச்சமில்லை என்று காட்டப் பச்சையாகவே கடித்துத் தின்றார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தை வெளியிட்டன. அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை. இருபது நிமிடம் பொறுத்திருந்தால் சொதியே வைத்திருக்கலாம்.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்து இரசாயனமும் பிளாஸ்டிக் மணிகளும் கரையொதுங்கியபோது மீண்டும் அச்சம். அவ்வருட இறுதியில் வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசை. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. உறைநிலைப் பெட்டியில் மீன் வைக்க முடியாத காலம் அது. அன்றன்று வாங்கி அன்றன்று சமைத்தோம். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். அந்தப் படகுகளில்தான் சூடையும் சாளையும் கரைக்கு வருகின்றன. சந்தையில் மீன் விலையைக் கேட்டு முகஞ்சுழிக்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்தல் நலம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள், 'எங்களுக்கு முரலும் ஒராவும் எங்கே?' என்று கேட்பீர்கள். தமிழ்க் கடைகளில் உறைந்த விளைமீன் கிடைக்கிறது. கப்பலேறி வந்த அந்த மீனைவிட, உங்கள் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும் கும்பளா வகை மீன் பலவேளைகளில் புதியது, மலிவானது. கோடையில் ஐரோப்பாவில் சாளை தாராளம். சல்மன் துண்டிலும் சொதி வைக்கலாம். அது தானே நெய்ப்பிடிப்பானது என்பதால் முதற்பாலைத் தவிர்த்துவிடலாம். எதுவும் இல்லாத இரவில் தகரத்தில் அடைத்த மீனும் பாதகமில்லை. அதிலுள்ள உப்புநீரை வடித்துவிட்டுப் பாவியுங்கள்.

என் மனைவி திரும்பி வந்த பின்னரும் வாரத்தில் மூன்று இரவு என்னுடைய சமையல்தான். ஞாயிறு காலையில் மீன் கழிப்பதும் நான்தான். அடுத்த பரிசோதனையில் குருதிச் சீனி இறங்கியிருந்தது. மருந்தும் நடையும் அதற்கு உதவியிருக்கும். எல்லாப் புகழையும் சொதிக்குக் கொடுப்பது செய்தி அறம் ஆகாது.

எங்கள் அலுவலகத்தில் அண்மையில் சேர்ந்த இளம் நிருபர் ஒருவர் வவுனியாவிலிருந்து வந்து தெஹிவளையில் ஓர் அறையில் தங்கியிருக்கிறார். சோறு ஆக்கும் மின்சாரக் குக்கர் ஒன்றே அவருடைய குசினி. மீன் பொரித்து வீட்டை மணக்கவைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. சொதி முறையைக் கேட்டபோது ஒரு பழைய பக்கப் பிரதியின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "சேர், பொரிக்கக் கூடாது எண்டுதான் சொன்னவை. சொதி வைக்கக் கூடாது எண்டு சொல்லேல்லை" என்றார். நிபந்தனையை வரிக்கு வரி வாசிக்கத் தெரிந்தவர் நல்ல நிருபராக வருவார். குக்கரிலும் சொதி ஒழுங்காக வருகிறதாம். முதற்பால் ஊற்றும்போது சூடாக வைத்திருக்கும் நிலைக்கு மாற்றிவிட்டால் பால் திரைவதில்லை என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

அவருக்கு வயது 25. இரவுப் பணி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. கொத்துக் கடைக்குப் போகவே கூடாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சம்பள நாளில் எல்லோரும் சேர்ந்துதான் போகிறோம். மற்ற இரவுகளில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.